வளர்ச்சி பற்றி ஒத்த கருத்து இல்லாத இயக்கம் ஒரே அறிக்கை எழுதலாமா?

கேள்வி: எங்கள் சுற்றுச்சூழல் அமைப்பு தன் கொள்கை அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறது. பொருளாதார வளர்ச்சி பற்றிய பத்தியில் வந்து நின்றுவிட்டோம். பணக்கார நாடுகளின் பொருளாதாரம் திட்டமிட்டுச் சுருங்க வேண்டும் என்கிறார்கள் இளையவர்கள் சிலர். இது ஏழைகளுக்கு எதிரான பேச்சு என்கிறார் தொழிற்சங்கத்திலிருந்து வந்த மூத்த உறுப்பினர். சூரிய மின்சாரம் மலிவாகிவிட்ட பிறகு இந்த விவாதமே தேவையில்லை என்கிறார் பொறியாளரான இன்னொருவர். தத்தம் பார்வையே உண்மையான சூழலியல் பார்வை என்று மூன்று தரப்பும் வாதிடுகின்றன. யார் சொல்வது சரி? கருத்து ஒன்றுபடாமல் நாங்கள் அறிக்கை எழுத முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அறிக்கையை நிறுத்திவைத்திருக்கும் விவாதத்துக்குச் சூழலியல் அரசியலின் வயதே ஆகிறது. வளர்ச்சி குறித்து அந்த அரசியலுக்கு ஒரே நிலைப்பாடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு நீண்ட மரபு நிற்கிறது. சூழலியல் பொருளாதாரத்தைக் கற்பித்துவருபவன் என்ற முறையில், இந்த மரபுகள் எங்கே உண்மையாகவே மோதுகின்றன, எங்கே வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டு மோதுவதாக நினைத்துக்கொள்கின்றன என்பதை விளக்க முயல்கிறேன். எனக்கும் இதில் ஒரு தரப்பு உண்டு, அதையும் மறைக்கப்போவதில்லை.

1972இலிருந்து தொடங்குவது உதவும். ரோம் கழகம் என்ற குழுவுக்காக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்களான டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ், யோர்கன் ராண்டர்ஸ், வில்லியம் பெஹ்ரன்ஸ் ஆகியோர் தயாரித்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்ற அறிக்கை அந்த ஆண்டில் வெளியானது. மக்கள்தொகை, உணவு, தொழில் உற்பத்தி, இயற்கை வளம், மாசு ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்பதைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்த அவர்கள், அன்றைய போக்கு மாறாமல் தொடர்ந்தால் அடுத்த நூறாண்டுக்குள் உற்பத்தியும் மக்கள்தொகையும் உச்சத்தைத் தொட்டுச் சரியும் என்றார்கள். உலகம் குறிப்பிட்ட ஆண்டில் அழிந்துவிடும் என்று அந்த அறிக்கை சொன்னதாக இன்றும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள்; அது அப்படிச் சொல்லவில்லை. உரிய காலத்தில் வளர்ச்சியை மட்டுப்படுத்திக்கொண்டால் எல்லோருக்கும் போதுமான, நிலையான வாழ்க்கை சாத்தியம் என்ற பாதையையும் அதே மாதிரிதான் காட்டியது. உங்கள் இளையவர்களின் வாதத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மனிதச் சூழல் மாநாடு கூடியது. அங்கே பேசிய இந்திரா காந்தி, வறுமையும் தேவையும் அல்லவா மிகப் பெரிய மாசுபடுத்திகள் என்ற பொருள்படக் கேட்டார். அடிப்படைத் தேவைகளே நிறைவேறாத மக்களிடம், பிறர் அனுபவித்து முடித்த வளர்ச்சியை நீங்கள் தொடங்கவே வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்து இந்த விவாதத்தை விட்டு விலகவில்லை. உங்கள் மூத்த உறுப்பினர் கேட்பதும் அதைத்தான்.

அந்தக் காலத்து எல்லை வாதத்தில் ஒரு பலவீனம் இருந்தது. தாதுக்கள் தீர்ந்துவிடும், எரிபொருள் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தின் மீது அது அதிகம் சாய்ந்திருந்தது. 1980இல் உயிரியலாளர் பால் எர்லிக்கும் பொருளியலாளர் ஜூலியன் சைமனும் செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களின் விலை பத்தாண்டில் ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டினார்கள். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் 1990இல் ஐந்தின் விலையும் இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார். விலை ஏறினால் புதிய சுரங்கம் தோண்டப்படும், சிக்கனம் வரும், மாற்றுப்பொருள் வரும் என்ற சைமனின் தர்க்கம் அந்தப் பத்தாண்டில் வென்றது. ஆனால் அந்தத் தர்க்கம் வேலை செய்ய விலை வேண்டும். வளிமண்டலத்தில் கொட்டப்படும் கார்பன் டை ஆக்சைடுக்கும், ஆற்றில் கலக்கும் நைட்ரஜனுக்கும், அழிந்துபோகும் பூச்சியினத்துக்கும் சந்தை தானாக விலை வைப்பதில்லை. ஆகவே இன்றைய எல்லை வாதத்தின் மையம் பூமியிலிருந்து நாம் எடுப்பதிலிருந்து பூமியில் நாம் கொட்டுவதற்கு நகர்ந்துவிட்டது. 2009இல் யோஹான் ராக்ஸ்ட்ராமும் சக ஆய்வாளர்களும் தாண்டினால் பூமியின் நிலைத்தன்மை குலையக்கூடிய ஒன்பது புவி எல்லைகளை வரையறுத்தார்கள். 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி காலநிலை, உயிர்க்கோளம், நிலப்பயன்பாடு, நன்னீர், நைட்ரஜன்–பாஸ்பரஸ் ஓட்டம், செயற்கை வேதிப்பொருட்கள் ஆகிய ஆறு எல்லைகளை உலகம் தாண்டிவிட்டது. வளம் தீர்ந்துவிடும் என்று உங்கள் அறிக்கையில் எழுதினால் எர்லிக்கின் பந்தயத்தை நினைவூட்டி மறுக்க ஆள் இருக்கும். கழிவைத் தாங்கும் திறன் தீர்கிறது என்று எழுதுங்கள்.

இந்த மாற்றத்துக்கான கருத்துக் கருவிகளைக் கொடுத்தவர்களில் பொருளியலாளர் ஹெர்மன் டேலி முதன்மையானவர் என்பது என் மதிப்பீடு. அவருடைய ஆசிரியர் நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு–ரோகன், பொருளாதாரச் செயல் எதுவும் பயனுள்ள ஆற்றலையும் பொருளையும் பயனற்றதாக மாற்றும் இயற்பியல் நிகழ்வு என்பதை 1971இல் விரிவாக நிறுவினார். டேலி அதிலிருந்து நடைமுறை விதிகளை வகுத்தார்: புதுப்பிக்கத்தக்க வளத்தை அது மீளும் வேகத்துக்கு மேல் எடுக்கக்கூடாது, தீரும் வளத்தை அதற்கான மாற்று உருவாகும் வேகத்துக்கு மேல் எடுக்கக்கூடாது, கழிவை இயற்கை ஏற்றுச் செரிக்கும் வேகத்துக்கு மேல் வெளியிடக்கூடாது. இந்த மூன்று விதிகளிலும் பணம் என்ற சொல்லே வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். பொருளாதாரத்தின் வழியாக ஓடும் பொருளுக்கும் ஆற்றலுக்கும் உச்சவரம்பு வைத்துவிட்டால், அதற்குள் அறிவும் கலையும் மருத்துவமும் எவ்வளவு வேண்டுமானாலும் மேம்படலாம் என்பதே அவருடைய நிலைத்த அளவுப் பொருளாதாரம். உலக வங்கியில் 1988 முதல் 1994 வரை பணியாற்றிய அவர், வளர்ச்சியால் வரும் நன்மையைவிடச் சேதம் பெரிதாகும் கட்டத்தை ஒரு நாடு கடந்துவிட்டால் அதன் பிறகு வருவது பொருளாதாரத்துக்கே நட்டமான வளர்ச்சி என்று கடைசிவரை வாதிட்டார்.

அரசுகள் டேலியைப் பின்பற்றவில்லை. ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987இல் வெளியிட்ட அறிக்கையைப் பின்பற்றின. நீடித்த வளர்ச்சி என்ற கருத்தை உலக அரசியலின் நடுவே கொண்டுவந்த அந்த அறிக்கை, மக்கள்தொகை நிலைபெறும் காலத்துக்குள் உலகத் தொழில் உற்பத்தி ஐந்து முதல் பத்து மடங்கு பெருகும் என்று எதிர்பார்த்தது. எல்லை வாதத்தை ஏற்றவர்களுக்கு அது பெரும் பின்வாங்கலாகத் தோன்றியது. ஆனால் ஏழை நாடுகளைச் சூழல் பேச்சுவார்த்தையின் மேசைக்கு அழைத்துவந்ததும் அந்தச் சமரசம்தான் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் யோசஃப் ஹூபர், மார்ட்டின் யேனிக்கே போன்றோர், கடுமையான விதிகளும் தூய தொழில்நுட்பமும் சேர்ந்தால் தொழில்மயச் சமூகம் தன்னையே பசுமையாக்கிக்கொள்ளும் என்ற சூழலியல் நவீனமயக் கோட்பாட்டை வளர்த்தார்கள். 1980இல் தொடங்கப்பட்ட ஜெர்மன் பசுமைக் கட்சி, சமரசத்தை மறுத்த அடிப்படைவாதிகள், படிப்படியான மாற்றத்தை ஏற்ற யதார்த்தவாதிகள் என இரு அணிகளாகப் பிளவுபட்டு ஆண்டுக்கணக்கில் போராடியதும் ஓரளவு இந்தக் கோட்டை ஒட்டித்தான். 2011இல் பெரும்பாலும் செல்வந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பு முன்வைத்த பசுமை வளர்ச்சி உத்தி அந்த மரபின் அதிகாரபூர்வ வடிவம். உங்கள் பொறியாளர் நிற்கும் இடம் அது.

அவருடைய வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் முழு விவாதமும் திரும்பும் புள்ளி இது. பொருளாதாரம் வளரும்போதே சூழல் சேதம் குறைவது சாத்தியமா? சாத்தியம் என்பதற்குச் சான்று உண்டு. ஓசோன் படலத்தைச் சிதைத்த வேதிப்பொருட்களை 1987இல் ஏற்கப்பட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஏறக்குறைய முழுவதுமாக ஒழித்தது. அதற்காக எந்த நாட்டின் வளர்ச்சியும் நிற்கவில்லை. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக்குழு 2022இல் வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 18 நாடுகள் பத்தாண்டுக்கும் மேலாகத் தங்கள் பசுங்குடில் வாயு உமிழ்வைத் தொடர்ந்து குறைத்துவந்திருப்பதைப் பதிவுசெய்கிறது. தொழிற்சாலைகளை வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து பொருளை இறக்குமதி செய்ததால் வந்த போலிக் குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நுகர்வின் அடிப்படையில் கணக்கிட்டாலும் அந்த நாடுகளில் உமிழ்வு குறைந்திருக்கிறது. வளர்ச்சியும் உமிழ்வும் பிரிக்கவே முடியாதவை என்று உங்கள் இளையவர்கள் எழுத விரும்பினால், அந்த வரியை நீங்கள் ஏற்க வேண்டாம்.

ஆனால் பொறியாளர் நிரூபிக்க வேண்டியது சாத்தியத்தை மட்டுமல்ல, வேகத்தையும். கணக்கு எளிது. பொருளாதாரம் ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்ந்தால் ஏறத்தாழ 24 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். அப்படி வளரும் உலகம் மொத்த உமிழ்வை ஆண்டுக்கு 7 சதவீதம் குறைக்க விரும்பினால், ஒவ்வொரு டாலர் உற்பத்திக்கும் வெளியாகும் உமிழ்வு ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டிக் குறைந்தாக வேண்டும். உலக அளவில் இதுவரை நடந்திருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். கார்பனை விட்டுவிட்டு மொத்தப் பொருளைப் பார்த்தால் நிலைமை இன்னும் கவலைக்குரியது: மணல், தாது, எரிபொருள், மரம், பயிர் என்று பூமியிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்படும் பொருளின் அளவு 1970இல் சுமார் 3,000 கோடி டன்னாக இருந்தது, இப்போது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. சிக்கனமான இயந்திரம் வந்தால் எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கையை 1865லேயே பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் கேள்விக்கு உட்படுத்தினார். சிக்கனம் பயன்பாட்டை மலிவாக்குகிறது, மலிவு பயன்பாட்டைப் பெருக்குகிறது என்பதை அவர் பிரிட்டனின் நிலக்கரியை வைத்துக் காட்டினார்.

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். வளர்ச்சி முற்றிலும் நின்றுபோன ஓர் உலகத்திலும் அந்த 7 சதவீதக் குறைப்பை யாராவது செய்தாக வேண்டும். வளர்ச்சியை நிறுத்துவது பத்தை ஏழாக்குகிறது. மீதியுள்ள ஏழு, மின்நிலையத்தையும் எஃகு ஆலையையும் வீட்டின் கூரையையும் மாற்றியமைக்கும் வேலைதான். 2020இல் பெருந்தொற்றால் உலகப் பொருளாதாரம் 3 சதவீதம் அளவுக்குச் சுருங்கியபோது கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 5 சதவீதம் அளவுக்கே குறைந்தது; அடுத்த ஆண்டே பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. பொறியாளரின் உழைப்பு இல்லாமல் இளையவர்களின் இலக்கு கைகூடாது; வளர்ச்சியின் பாரம் குறையாமல் பொறியாளரின் உழைப்பு காலத்துக்குள் முடியாது. இதை உங்கள் குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை தாளில் கணக்கிட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் இளையவர்கள் பேசும் வளர்ச்சிக் குறைப்பு மரபைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். பிரான்சில் ஆந்த்ரே கோர்ஸ் 1972லேயே எழுப்பிய இந்தக் கருத்து, செர்ஜ் லத்தூஷ் போன்றோரின் எழுத்துகளால் வளர்ந்து, 2008இல் பாரிஸில் நடந்த முதல் பன்னாட்டு மாநாட்டுக்குப் பிறகு ஒரு கல்விப்புலமாகவே உருவெடுத்தது. இன்று யோர்கோஸ் காலிஸ், ஜேசன் ஹிக்கல் ஆகியோர் அதன் அறியப்பட்ட குரல்கள். அவர்கள் கேட்பது மந்தநிலையை அல்ல. மந்தநிலை யாரும் விரும்பாமல் வருகிறது, வேலையைப் பறிக்கிறது, பொதுச்சேவையை வெட்டுகிறது. அவர்கள் கேட்பது, ஆயுதம், விளம்பரம், தனிவிமானம் போன்றவற்றைச் சனநாயக முடிவால் குறைத்து, மருத்துவம், பொதுப் போக்குவரத்து, வீட்டுவசதி ஆகியவற்றைப் பெருக்கி, வேலை நேரத்தைக் குறைத்துப் பகிர்ந்துகொள்ளும் மாற்றத்தை; அதுவும் செல்வந்த நாடுகளில். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அவர்களை எதிர்ப்பது நேர்மையல்ல.

அவர்களிடம் எனக்குக் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இன்றைய சமூகங்கள் வளர்ச்சியை விரும்புகின்றன என்பதைவிட அதன் மீது சாய்ந்து நிற்கின்றன என்பதே பெரிய சிக்கல். உழைப்பின் திறன் ஆண்டுதோறும் உயர்வதால், உற்பத்தி உயராவிட்டால் அதே வேலைக்குக் குறைந்த ஆட்களே தேவைப்படுவார்கள். ஓய்வூதிய நிதி எதிர்கால வருவாயை நம்பி இருக்கிறது. அரசின் கடன் விரியும் வரி வருவாயை நம்பி இருக்கிறது. பிரிட்டன் அரசின் நீடித்த வளர்ச்சி ஆணையத்துக்காக டிம் ஜாக்சன் 2009இல் எழுதிய அறிக்கை இந்தச் சிக்கலை நேருக்குநேர் எடுத்துக்கொண்டது: வளர்ச்சி சூழலைக் குலைக்கிறது, வளர்ச்சி நின்றால் சமூகம் குலைகிறது. வளர்ச்சிக் குறைப்பு எழுத்துகளில் ஏன் என்பதற்கு வலுவான விடை இருக்கிறது. ஓய்வூதியத்தை எப்படிக் கொடுப்பது, எந்தக் கூட்டணி இதற்கு வாக்களிக்கும் என்பதற்கு இன்னும் மெலிந்த விடையே இருக்கிறது. உங்கள் தொழிற்சங்க உறுப்பினர் இந்தக் கேள்வியை எழுப்பினால் அதை வளர்ச்சி மோகம் என்று தள்ளிவிடாதீர்கள். இந்த விவாதத்தில் விடை தேடவேண்டிய மிகக் கடினமான கேள்வி அவரிடம்தான் இருக்கிறது.

அவருடைய இன்னொரு குற்றச்சாட்டு, இது ஏழைகளுக்கு எதிரானது என்பது, பாதி சரி. 1989இல் வரலாற்றாளர் ராமச்சந்திர குஹா, இயற்கைக்கு மனிதப் பயனைத் தாண்டிய மதிப்பு உண்டு என்னும் அமெரிக்க ஆழ்சூழலியல், காட்டுப் பாதுகாப்பையே சூழலியலாகக் கருதி ஏழை நாடுகளின் வாழ்வாதாரப் போராட்டங்களைப் பார்க்கத் தவறுவதைக் கடுமையாக விமர்சித்தார். அவரும் ஹுவான் மார்ட்டினெஸ்–ஆலியரும் ஏழைகளின் சூழலியல் என்று அடையாளப்படுத்திய மரபு, காட்டையும் ஆற்றையும் கடலையும் நம்பி வாழ்பவர்கள் அவற்றைக் காக்கப் போராடுவதைச் சூழலியலின் நடுவே வைத்தது. இந்த மரபிலிருந்து பார்த்தால், வளர்ச்சித் திட்டத்தால் நிலத்தை இழப்பவரும் ஏழைதான், வளர்ச்சி வராததால் மருத்துவமனை இல்லாமல் இருப்பவரும் ஏழைதான். எல்லா வளர்ச்சியும் ஏழைக்கு நன்மை என்று சொல்ல முடியாததைப் போலவே, எல்லா வளர்ச்சி எதிர்ப்பும் ஏழைக்கு எதிரி என்றும் சொல்ல முடியாது. காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா 1945லேயே நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது செல்வந்தரின் ஓய்வுநேரக் கவலை அல்ல, உழைப்பவரின் வாழ்வு.

எக்வடோர் நாட்டின் அனுபவம் இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. யசுனி தேசியப் பூங்காவின் ஒரு பகுதியில் உள்ள எண்ணெயைத் தோண்டாமல் விட்டுவிடுகிறோம், இழக்கும் வருவாயில் பாதியாக 360 கோடி டாலரை உலகம் தரட்டும் என்று அந்த நாடு 2007இல் முன்வந்தது. வந்து சேர்ந்தது மிகச் சொற்பம். 2013இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது; 2016இல் அங்கே எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. 2023இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்த வாக்களித்தார்கள். செல்வந்த நாடு அல்லாத ஒன்றின் மக்கள், வருவாய் போகும் என்று தெரிந்தே ஓர் எல்லையைத் தேர்ந்தெடுத்தார்கள். செல்வந்த உலகமோ அந்த எல்லைக்கான செலவில் பங்கேற்க மறுத்தது. உலக மக்களில் வருமானத்தில் மேலுள்ள பத்து சதவீதத்தினர் உமிழ்வில் ஏறத்தாழ பாதிக்குப் பொறுப்பானவர்கள் என்ற மதிப்பீட்டோடு சேர்த்து இதைப் படித்தால், எவருடைய வளர்ச்சி என்று குறிப்பிடாமல் வளர்ச்சியைப் பற்றி எழுதுவதில் பொருளில்லை என்பது விளங்கும்.

இடதுசாரிச் சூழலியலுக்குள்ளும் இதே பிளவு உண்டு என்பதைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். முதலாளித்துவம் இருக்கும்வரை வளராமல் இருக்க முடியாது என்பதில் மரே புக்சின் முதல் ஜான் பெல்லமி ஃபாஸ்டர் வரை பலர் உடன்படுகிறார்கள். முதலாளித்துவம் போன பிறகு உற்பத்தி பெருக வேண்டுமா சுருங்க வேண்டுமா என்பதில் அவர்களுடைய வாரிசுகள் உடன்படவில்லை.

என் தரப்பு இதுதான். 2011இல் பொருளியலாளர் யெரூன் வான் டென் பெர்க் முன்வைத்த வாதத்தோடு நான் பெரிதும் உடன்படுகிறேன்: மொத்த உள்நாட்டு உற்பத்தியை இலக்காகவும் வைக்க வேண்டாம், எதிரியாகவும் வைக்க வேண்டாம். அந்த அளவீட்டின் அடித்தளத்தை அமைத்த சைமன் குஸ்நெட்ஸே 1934இல், ஒரு தேசத்தின் நலத்தை அதன் வருமானக் கணக்கிலிருந்து அறிவது அரிது என்று எச்சரித்தார். உமிழ்வுக்கும் பொருள் பயன்பாட்டுக்கும் கடுமையான வரம்பும், எல்லோருக்கும் எட்ட வேண்டிய வாழ்க்கைத் தரத்துக்கு ஓர் அடித்தளமும் வைத்துவிட்டு, அந்த இரண்டுக்கும் இடையில் உற்பத்திக் கணக்கு ஏறினாலும் இறங்கினாலும் கவலைப்படாத சமூகமே வேண்டும். பொருளியலாளர் கேட் ராவர்த் ‘டோநட்’ என்ற வளைய வடிவில் வரைந்துகாட்டும் படமும் ஏறக்குறைய இதுதான். செல்வந்த நாடுகளில் அந்த வரம்புகளை உண்மையாக அமல்படுத்தினால் உற்பத்திக் கணக்கு இறங்கும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். அதற்கு இப்போதே தயாராக வேண்டும் என்பதில் உங்கள் இளையவர்களோடு நிற்கிறேன். அந்த இறக்கத்தையே இலக்காக அறிவிப்பதில் அவர்களிடமிருந்து விலகுகிறேன். அடித்தளம் எட்டக்கூடியதுதான்: உலக மக்கள் எல்லோருக்கும் கண்ணியமான வாழ்க்கையை 2050இல் இன்றைய ஆற்றல் பயன்பாட்டின் பாதிக்கும் குறைவான அளவில் கொடுக்க முடியும் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சிறந்த தொழில்நுட்பம் எங்கும் பரவ வேண்டும், மிகை நுகர்வு ஒழிய வேண்டும் என்ற இரு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறினால்தான் அந்தக் கணக்கு பொருந்தும்.

ஆகவே, ஒன்றுபடாமலேயே அறிக்கை எழுதலாம். வளர்ச்சி வேண்டும், வேண்டாம் என்ற வரியை விட்டுவிடுங்கள். அதன் இடத்தில், எந்த உமிழ்வு, எந்தப் பொருள், எந்த ஆண்டுக்குள், எவ்வளவு குறைய வேண்டும் என்பதை டன் கணக்கில் எழுதுங்கள். அந்தக் குறைப்பில் யார் பங்கு எவ்வளவு, யாருக்கு இன்னும் பெருக்கம் தேவை என்பதை அடுத்து எழுதுங்கள். வருவாய் குறைந்தாலும் வேலை, ஓய்வூதியம், மருத்துவம் ஆகியவை குலையாமல் இருக்க என்ன ஏற்பாடு என்ற பகுதியின் முதல் வரைவை மூத்த உறுப்பினரிடம் ஒப்படையுங்கள். அவரைவிட அதைப் பொறுப்பாக எழுதக்கூடியவர் உங்களிடம் இருக்க வாய்ப்பில்லை. தொழில்நுட்பத்தின் வேகம் போதுமா என்பதில் பொறியாளரும் இளையவர்களும் கடைசிவரை உடன்படாவிட்டால், இரு கணிப்புகளையும் அறிக்கையிலேயே அருகருகே பதிவுசெய்து, உண்மையான உமிழ்வு அளவோடு அவற்றை ஒப்பிட்டுப் பத்தியைத் திருத்தி எழுதும் ஆண்டையும் இப்போதே குறித்துவிடுங்கள்.